கோடை வெயில்ல பேங்ஸ் வெச்சா நெத்தி ரெண்டு கலர் ஆகுது, யாருக்காவது இப்படி ஆயிருக்கா?

ஏறுநெத்தி_குரோம்பேட்டை:
சிரிக்காம படிங்க மக்களே. பொங்கல் முடிஞ்ச கையோட பார்லர் போயி கர்ட்டன் பேங்ஸ் வெட்டிக்கிட்டேன், அதான் நடு வகிடு எடுத்து நெத்தில ரெண்டு பக்கமும் திரை மாதிரி விழற முன்முடி. எனக்கு சின்ன வயசுல இருந்தே ஏறு நெத்தி, ஸ்கூல்ல ஏர்போர்ட்னு கூப்பிடுவாங்க, அதனால ரொம்ப நாள் ஆசை. பிப்ரவரி வரைக்கும் எல்லாம் சூப்பரா போச்சு. இப்போ ஏப்ரல். போன ஞாயித்துக்கிழமை தலைக்கு எண்ணெய் வெக்கலாம்னு அம்மா முன்முடிய மேல தூக்கி கிளிப் போட்டாங்க, போட்டுட்டு ஒரு நிமிஷம் உத்துப் பாத்துட்டு "என்னடி இது, நெத்தில கோபுரம் கட்டி வெச்சிருக்க"ன்னாங்க. கண்ணாடில போயி பாத்தா நிஜமாவே கோபுரம். வகிடு ஆரம்பிக்கிற இடத்துல கூர்மையா, கீழ புருவத்துக்கு வர வர அகலமா ஒரு முக்கோணம் கருப்பா இருக்கு, ரெண்டு பக்கமும் முடி மூடுற இடம் மட்டும் வெளுப்பு. கன்னம் மூக்கு எல்லாம் கோபுரத்தோட கலர்.

வீட்டுல இருந்து ஸ்டேஷனுக்கு ஸ்கூட்டி, அங்க இருந்து நுங்கம்பாக்கம் வரைக்கும் லோக்கல், இறங்கி 10 நிமிஷம் நடை, மத்தியானம் 1 மணிக்கு சாப்பிட வெளிய போவோம். இதான் என் வெயில். சன்ஸ்கிரீன் போடறேன், ஆனா உண்மைய சொல்லிடறேன், முடி பிசுபிசுன்னு ஆயிடும்னு நெத்திப் பக்கமே போக மாட்டேன், கன்னத்துக்கும் மூக்குக்கும் கொஞ்சம் தடவிட்டு ஓடிடுவேன். அக்கா கல்யாணம் வைகாசி கடைசி முகூர்த்தம். அதுக்குள்ள இத சரி பண்ணணும், பேங்ஸையும் விட மனசில்ல. என்ன பண்ணலாம்?

மொட்டை_மாறன்:
இதுக்கு மொட்டை போட்டவன்கிட்ட கேளுங்க. வருஷா வருஷம் பழனி போறவன் நான். மொட்டை அடிச்சு முடிச்சு கண்ணாடி பாத்தா தல மட்டும் உரிச்ச நுங்கு மாதிரி இருக்கும், மூஞ்சி அதோட ஒட்டாது, யாரோ ஒருத்தரோட தலய எடுத்து வெச்ச மாதிரி. முடி அவ்ளோ வெயில மறைக்குது, அதுக்கு இதவிட சாட்சி வேணாம். உங்க நெத்தில நடக்குறது மினி மொட்டை, அவ்ளோதான். ஒரு எச்சரிக்கையும் சொல்றேன். ஒரு தடவ பங்குனி உத்திரத்துக்கு மொட்டை போட்டுட்டு சந்தனம் காய்ஞ்சு உதிர்ந்தது தெரியாம மத்தியானம் படியெல்லாம் சுத்திட்டு வந்தேன், ரெண்டு நாள்ல தல தோலு உரிஞ்சிடுச்சு. மூஞ்சிக்கு ஒண்ணுமே ஆகல. வெயிலே பாக்காத தோலு சீக்கிரம் வெந்துடும்ங்க. அதனால அந்த வெளுத்த பக்கத்த திடீர்னு தொறந்து போட்டுடாதீங்க.

ஏறுநெத்தி_குரோம்பேட்டை:
உரிச்ச நுங்கு, ஹாஹா. ஆனா நான் யோசிச்சு வெச்சிருந்ததே அதுதான் ப்ரோ. கோபுரத்துக்கு மேல துணி கட்டிட்டு வெளுத்த ரெண்டு பக்கத்தையும் மட்டும் ஒரு வாரம் மொட்டை மாடில காட்டினா சமம் ஆயிடாதான்னு. ஆயிடாதா?

மதுரை_வண்டிக்காரி:
ஏம்மா அப்பளமா காயப் போடுற. வேணாம்.

எனக்கு பேங்ஸ் ரெண்டு வருஷமா இருக்கு, வேலைக்கு நாள் பூரா வண்டிதான், மதுரை வெயிலு எப்படின்னு சொல்லத் தேவையில்ல. எனக்கு ஆனது வேற மாதிரி. ஹெல்மெட் புருவம் வரைக்கும் மூடிருது, அதுக்குள்ள பேங்ஸ் வேற, அதனால நெத்தி மொத்தமும் வெளுப்பு, புருவத்துக்குக் கீழ மூக்கு கன்னம் மட்டும் கருப்பு, கிளி மூக்கு மாதிரி. காரணம் என்னன்னா நான் வைசர மேல தூக்கி விட்டுட்டு ஓட்டுவேன், மூச்சு முட்டுதுன்னு. அந்த வைசரு பாலிகார்பனேட்டுங்க, கண்ணாடி மாதிரி தெளிவா இருந்தாலும் யூவிய, அதான் வெயில்ல வர்ற புற ஊதாக் கதிர, பெரும்பாலும் நிப்பாட்டிரும், இத கடைக்காரரு சொல்லித்தான் எனக்கே தெரியும். இப்ப இறக்கி விட்டுத்தான் ஓட்டுறேன், சிக்னல்ல நிக்கும்போது மட்டும் ஒரு விரக்கடை தூக்குவேன், மூச்சு விடணும்ல.

ஹெல்மெட்டுக்குள்ள பேங்ஸ் போனா என்ன ஆகும்னு தெரியும்ல, நெத்தில வேர்வைல ஒட்டி கழட்டும்போது எருமை நக்குன மாதிரி இருக்கும். மெல்லிசு காட்டன் துணி ஒண்ணு, முக்கோணமா மடிச்சு, முன்முடிய பின்னாடி தள்ளி அதுக்கு மேல கட்டிக்கிட்டு அப்புறம் ஹெல்மெட். எறங்குன ஒடனே துணிய அவுத்து விரலால ஒரு கோது கோதுனா போதும், பேங்ஸ் எந்திரிச்சு உக்காரும். துணிய தெனமும் துவைக்கணும், இல்லேன்னா நெத்தி பூரா குட்டி குட்டியா கட்டி.

கருப்பே_அழகு:
மன்னிக்கணும், எனக்கு இந்த இழையே புரியல. தமிழ்நாட்டுல இருந்துக்கிட்டு வெயில்ல கருத்துட்டேன்னு அழுவுறது என்ன கணக்கு? வயல்ல நிக்கிறவங்கள, சித்தாள் வேலைக்குப் போறவங்கள பாருங்க. இந்த வெள்ளத்தோல் பைத்தியத்துக்கு க்ரீம் கம்பெனிக்காரன் பேர மட்டும் மாத்திக்கிட்டு இன்னும் வித்துட்டு இருக்கான், நாமளும் வாங்கிட்டு இருக்கோம்.

ஏறுநெத்தி_குரோம்பேட்டை:
நான் எங்கயுமே வெளுக்கணும்னு கேக்கலயே. நான் மாநிறம், எங்க அப்பா நல்ல கருப்பு, அவர மாதிரி மொத்த நெத்தியும் ஒரே கருப்பா இருந்தா எனக்கு சந்தோஷம்தான். எனக்கு ரெண்டு கலர் வேணாம். அவ்ளோதான். கல்யாண ஆல்பத்துல நெத்தில கோபுரத்தோட நிக்க வேணாம்னு பாக்கறேன்.

கருப்பே_அழகு:
சரி, அது நியாயம். ஆனா வீட்டு வைத்தியம்னு எவனாவது வெளுக்குற க்ரீம் சொன்னா நான் திரும்ப வருவேன்.

கோவை_பார்லர்_அக்கா:
கண்ணு, 14 வருஷமா கத்திரி புடிச்சிட்டு இருக்கறேன், மார்ச்ல இருந்து ஜூன் வரைக்கும் பேங்ஸ் கேட்டு வர்ற புள்ளைங்ககிட்ட நானே ரெண்டு தடவ யோசிங்கன்னு சொல்லித்தான் வெட்டுவேன். எந்த பேங்ஸுக்கு எந்த கோடு வரும்னு எனக்கு அத்துப்படி. நேரா வெட்டுன கெட்டியான பேங்ஸுன்னா புருவத்துக்கு மேல ஸ்கேல் வெச்சு கிழிச்ச மாதிரி ஒரே கோடு, மேல வெளுப்பு கீழ கருப்பு. கர்ட்டனுக்கு உங்களுக்கு வந்த அதே கோபுரம். பக்கவாட்டுல சாய்ச்சு விடறவங்களுக்கு பாதி நெத்தி பௌர்ணமி பாதி நெத்தி அமாவாசை. இப்ப எல்லாரும் கேக்குற விஸ்பி பேங்ஸ் இருக்குதே, நாலு முடி அங்க நாலு முடி இங்க, அது வெயில மறைக்கவே மறைக்காது, ஆனா மறைக்குதுன்னு நெனச்சுட்டு சன்ஸ்கிரீன் போடாம இருப்பாங்க. வேர்த்துச்சுன்னா அந்த நாலு முடியும் கொத்து கொத்தா சேந்து ஒட்டிக்கும், நடுவுல இடைவெளி தொறக்கும், அப்ப வர்ற கருப்பு திட்டுத்திட்டா இருக்கும், கோடுன்னுகூட சொல்ல முடியாது.

அதனால நான் சொல்றது ஒண்ணே ஒண்ணுதானுங்க. பேங்ஸ குடையா நெனைக்காதீங்க. வெளிய போறப்ப தூக்கிருங்க, உள்ள வந்தா எறக்கிருங்க. ரோட்டுல யாரு பாக்கப் போறாங்க, ஆபீஸ்லயும் கல்யாண வீட்டுலயும்தான அழகா தெரியணும். ஒரு டிக் டாக் கிளிப்பு கைப்பைல போட்டு வெச்சுக்கோங்க. ஆனா தூக்குறதுக்கு முன்னாடி நெத்தி பூரா சன்ஸ்கிரீன் இருக்கோணும், இல்லாட்டி மொட்டைக்காரரு சொன்ன கதைதான்.

போடற விதம் சொல்றேன், எல்லாரும் பயப்படறது பிசுபிசுப்புக்குத்தான. காலைல பேங்ஸ மட்டும் வாஷ் பேசின்ல கழுவுங்க. மீதி முடிய பின்னாடி கட்டிட்டு குனிஞ்சு, ஒத்தப் பொட்டளவு ஷாம்பு, ரெண்டே நிமிஷம். தல பூரா குளிக்க வேண்டியதில்ல. ஈரம் போனதும் உருண்டையா ஒரு ரோலர் இல்லாட்டி கிளிப்பு போட்டு மேல நிறுத்திட்டு, ஜெல் மாதிரி தண்ணியா இருக்குற சன்ஸ்கிரீன முடி மொளைக்கிற எல்லையில இருந்து புருவம் வரைக்கும், ரெண்டு பக்க நெத்திப்பொட்டு, காதுக்கு முன்னாடி எல்லாம் தடவுங்க. க்ரீம் மாதிரி கெட்டியானது வேண்டாம். அப்படியே விட்டுட்டு போயி டிபன் சாப்புடுங்க, புடவை கட்டுங்க, 15 நிமிஷம் ஆகட்டும். தொட்டா கைல ஒட்டக்கூடாது, அப்பறம் லேசா பவுடர் தட்டிட்டு முடிய எறக்குங்க. முடி எறக்குன பின்னாடி விரலை உள்ள விட்டு தேய்க்கறதுதான் எல்லா பிசுபிசுப்புக்கும் காரணம்.

வகிடு தெனமும் ஒரே இடத்துல எடுக்காதீங்க, ஒரு விரக்கடை அங்க இங்க மாத்துங்க. கோபுரம் கட்டறதுக்கு அஸ்திவாரமே கெடைக்காது.

ஏறுநெத்தி_குரோம்பேட்டை:
அக்கா உங்க கால எங்க இருக்குன்னு காட்டுங்க, விழுந்துடறேன். "விரலை உள்ள விட்டு தேய்க்கறது", ஒரே ஒரு நாள் அதைத்தான் பண்ணேன், எண்ணெய்ச் சட்டி மாதிரி ஆயிடுச்சு, அதோட நெத்திக்கே போடறத விட்டுட்டேன்.

ரமா_ஆன்ட்டி_60ஸ்:
பேங்ஸ் பேங்ஸ்ங்கறீங்க, எங்க காலத்துல இதுக்குப் பேரு சாதனா கட். ஹிந்தி நடிகை சாதனாவுக்கும் ஏறு நெத்திதான், 1960ல வந்த படத்துக்காக அத மறைக்கத்தான் முன்னாடி முடிய அப்படி வெட்டினாங்க, அது ஹாலிவுட் நடிகை ஆட்ரி ஹெப்பர்ன் ஸ்டைல பாத்துப் பண்ணது. நான் காலேஜ்ல வெட்டிண்டு வந்தப்போ எங்கம்மா ரெண்டு நாள் பேசல. அப்போ சன்ஸ்கிரீனும் கிடையாது ஒண்ணும் கிடையாது, கருப்புத் துணிக் குடை ஒண்ணு, மரக் காம்பு வெச்சது. பஸ் ஸ்டாப்ல நாங்க நாலு பேர் அதுக்குள்ள நிப்போம். எனக்கு நெத்தில கோடு வந்ததே இல்ல, குடையாலதான்னு இப்போ புரியறது. இப்பத்த பெண்கள் குடை எடுத்துண்டு போக வெக்கப்படறா.

ஜன்னலோரம்:
யாருமே ட்ரெயின பத்தி பேசலயே. நானும் அதே லைன்தான், தாம்பரத்துல இருந்து பீச், எட்டு வருஷம். எனக்கு வலது கன்னம் இடது கன்னத்தவிட கருப்பு, ரொம்ப நாள் காரணம் தெரியாம இருந்து ஒரு நாள் ட்ரெயின்லயே உக்காந்து யோசிச்சப்ப பளிச்சுனு புரிஞ்சது, காலைல வண்டி வடக்க பாத்து போகுது அப்போ கிழக்கு வெயில் வலது பக்கம், சாயங்காலம் திரும்பி தெக்க பாத்து வருது அப்போ மேக்கு வெயிலும் வலது பக்கம், நான் பழக்கத்துல ரெண்டு நேரமும் வலது ஜன்னல புடிச்சுப்பேன், அதாவது ஒரே கன்னத்த டெய்லி ரெண்டு வேளை சுட்டுருக்கேன். இது பேங்ஸுக்கும் பொருந்தும், சாய்ச்சு விடறவங்க வலது பக்கம் தொறந்து இருக்கற மாதிரி வகிடு எடுத்துட்டு வலது ஜன்னல்ல உக்காந்தா அவ்ளோதான். நுங்கம்பாக்கம் போற தங்கச்சி எந்த பக்கம் உக்காருறீங்க?

ஏறுநெத்தி_குரோம்பேட்டை:
அண்ணா, வலது. காத்து வரும்னு.

தோல்_பிஜி_மாணவி:
தோல் மருத்துவம் பிஜி படிக்கிறேன், டூட்டி முடிஞ்சு வந்து மொத்தமும் படிச்சேன், நல்ல இழை. சில விஷயங்கள் சேக்கணும், ஒண்ணு ரெண்டு திருத்தணும்.

ஜன்னலோரம் அண்ணாவோட கணக்குல காலை பாதி சரி, சாயங்காலப் பாதிக்கு அவ்ளோ வெயிட் இல்ல. 6 மணி வெயில் கண்ணக் கூசும், ஆனா யூவி ரொம்ப கம்மி. சுலபமான சோதனை ஒண்ணு இருக்கு, உங்க நிழல் உங்க உயரத்தவிட நீளமா இருந்தா பரவால்ல, குட்டையா இருந்தா ஜாக்கிரதை. சென்னைல ஏப்ரல் 24 வாக்குல ஒரு நாள் மத்தியானம் நிழலே காணாம போகும், சூரியன் உச்சந்தலைக்கு நேரா வர்ற நாள். அந்த வாரத்துல 1 மணிக்கு சாப்பிடப் போறீங்க பாருங்க, அந்த நடைதான் உங்க கோபுரத்துக்கு மெயின் கொத்தனார். சூரியன் மேல இருந்து அடிக்கும்போது நெத்தி, மூக்குத்தண்டு, கன்னத்தோட மேடு, இந்த மூணுதான் அதிகம் வாங்கும். ஏறு நெத்தின்னா இன்னும் கொஞ்சம் சாய்வா வாங்கிக்கும்.

யூவில ரெண்டு வகை. பி வகை தோல சுடும், ரெண்டு மூணு நாள் கழிச்சு வர்ற நிலையான கருப்புக்கும் அதுதான் முக்கிய காரணம். ஏ வகை உடனே கருக்க வைக்கும், ஆழமாப் போகும், காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் ஓரளவு இருந்துட்டே இருக்கும், மேகத்தையும் சாதா ஜன்னல் கண்ணாடியையும் தாண்டி வரும். அதனால கண்ணாடி மூடின கேப்ல, ஏசி லோக்கல்ல போறேன், எனக்கு எதுக்குன்னு விடாதீங்க. சன்ஸ்கிரீன் பாட்டில்ல எஸ்பிஎஃப் நம்பர் சொல்றது முக்கியமா பி வகைக்கு, பக்கத்துல பிஏன்னு போட்டு வர்ற பிளஸ் குறி ஏ வகைக்கு. 30 நம்பர்னா பி வகைல 97 சதவீதம் வாக்குல தடுக்கும், 50ன்னா 98. நம்பருக்கு சண்ட போடறதவிட அளவுக்கு சண்ட போடுங்க. அந்த நம்பர் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் போட்டு சோதிச்சு வர்றது. முகத்துக்கும் கழுத்துக்கும் சேத்து ஆள்காட்டி விரல், நடு விரல் ரெண்டோட நீளத்துக்கும் பிதுக்கினா அந்த அளவு வரும். நாம போடறது பெரும்பாலும் அதுல பாதிகூட இல்ல. வெளியவே இருக்கற வேலைன்னா ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ திரும்ப போடணும், வேர்த்து துடைச்சா அதுக்கு முன்னாடியே.

வெளுத்த பக்கத்த காய வெக்கற ஐடியா, தயவுசெஞ்சு வேணாம். அந்தத் தோல் முதல்ல சிவந்து எரியும், துணிக்கு அடியில கோபுரமும் முழுசா ஆறாது, கடைசில ஓரத்துல மூணாவதா ஒரு கலர் வரும். நம்ம நிறத்துல தோல் புண்ணானா அதுவே கருந்தழும்பா நிக்கும். கருத்த பக்கம் வெளுக்கறத விட்டா வேற வழி இல்ல, அதுக்கு நேரம்தான் மருந்து. மேல்தோல் புதுசாக ஒரு மாசத்துக்கு மேல ஆகும், பல பேருக்கு சில மாசம் இழுக்கும். நெத்தி முழுக்க ஒரே மாதிரி சன்ஸ்கிரீன் போட்டா வைகாசி கடைசிக்குள்ள கோடு மங்கும், முழுசா போகும்னு சத்தியம் பண்ண மாட்டேன்.

சீக்கிரம்_கேளு:
எதுக்கு இவ்ளோ பெரிய கதை. எலுமிச்சம்பழத்த பாதியா வெட்டி சர்க்கரை தொட்டு நெத்தில தேச்சு 20 நிமிஷம் வெயில்ல உக்காருங்க, மூணே நாள். எங்க பாட்டி வைத்தியம்.

எலுமிச்சை_தந்த_தழும்பு:
ஐயோ வேண்டவே வேண்டாம். என் பேரப் பாருங்க, அதுக்காகவே வெச்ச பேரு. போன வருஷம் இதே மாதிரி யாரோ எழுதினதப் படிச்சு எலுமிச்சை சாறு தேச்சுட்டு துணி காயப் போட மாடிக்குப் போனேன், ஒரு அரை மணி நேரம். அன்னிக்கு ஒண்ணும் தெரியல. மறுநாள் ராத்திரி எரிச்சல், அதுக்கடுத்த நாள் சாறு வழிஞ்ச வழியிலயே கோடு கோடா செவந்து சின்னச் சின்னக் கொப்புளம், நெத்திப்பொட்டுல இருந்து காது வரைக்கும் வழிஞ்சது அப்படியே அச்சு. அப்புறம் அது காபி கலர்ல கருத்து ஆறு மாசம் இருந்துச்சு. டேன் போக்கப் போயி டேனுக்கே டேன்.

தோல்_பிஜி_மாணவி:
இது எங்க ஓபிக்கு கோடையில வாரம் ஒண்ணு வரும். எலுமிச்சை சாறுல இருக்கற ஒரு பொருள் தோல்ல இருக்கும்போது ஏ வகை யூவி பட்டா ரெண்டும் சேந்து தோல சுட்டுடும். வெயில்ல உக்காரச் சொன்னது இருக்கே, அதுதான் அந்த வைத்தியத்துலயே மோசமான பாகம். வீட்டுல எதாச்சும் போட்டே ஆகணும்னா தயிரும் கடலை மாவும் போடுங்க, ராத்திரி, 10 நிமிஷம், அழுத்தித் தேய்க்காம. அதிசயம் நடக்காது, கெடுதலும் பெருசா இல்ல. மெடிக்கல் ஷாப்ல டேன் போகன்னு கேட்டா ஒரு ட்யூப் நீட்டுவாங்க, அதுல பல நேரம் ஸ்டீராய்டு இருக்கும். சீட்டு இல்லாம தரவே கூடாது, ஆனா தர்றாங்க. ரெண்டு வாரம் முகம் மினுமினுன்னு இருக்கும், அப்புறம் தோல் மெலிஞ்சு ரத்தக்குழாய் தெரியும், பரு வெடிக்கும், நிறுத்தினா எரியும்.

கருப்பே_அழகு:
டாக்டரே சொல்லிட்டாங்க, நான் திரும்ப வரவேண்டிய வேலை மிச்சம்.

சுருள்முடி_சுகி:
டாக்டர், எங்கம்மாவுக்கும் நெத்தி ஓரம் ஒரு கருப்புப் பட்டை இருக்கு, முடி மொளைக்கிற எல்லையிலயே, காது வரைக்கும். அவங்களுக்கு பேங்ஸ் எல்லாம் கிடையாது, வெளிய போறதும் கம்மி. அதுவும் டேனா?

தோல்_பிஜி_மாணவி:
டை போடுறாங்களா? இல்ல கருப்பு மெஹந்தின்னு பாக்கெட்ல வர்றது?

சுருள்முடி_சுகி:
ஆமா, மாசம் ஒரு தடவ பாக்கெட் மெஹந்தி. போட்டா ரெண்டு நாள் அரிக்கும்னு சொல்லுவாங்க, நாங்க புதுசுன்னா அப்படித்தான்னு விட்டுட்டோம்.

தோல்_பிஜி_மாணவி:
அதுல பிபிடின்னு ஒரு சாயப் பொருள் கலந்திருக்க வாய்ப்பு அதிகம், அதுக்கு அலர்ஜி ஆகி தோல் மெதுவா கருத்துட்டே வரும். அரிப்பு இருக்குன்னா மொதல்ல நிறுத்தச் சொல்லுங்க, அப்புறம் ஒரு தோல் டாக்டர்கிட்ட நேர்ல காட்டுங்க, நான் இங்க உக்காந்து சொல்றது போதாது. நெத்தி கருத்தா எல்லாம் வெயில்தான்னு நெனைக்காதீங்க எல்லாரும். கன்னத்துலயும் நெத்திலயும் ரெண்டு பக்கமும் மேப் மாதிரி படர்ந்தா அது மங்குங்கற தோல் பிரச்சனையா இருக்கலாம், அதுக்கு சாதா வெளிச்சமே ஆகாது, இரும்பு ஆக்சைடு கலந்த கலர் சன்ஸ்கிரீன் நல்லது. கழுத்துப் பின்னாடி வெல்வெட் மாதிரி தடிச்சு கருப்பா இருந்து நெத்தி ஓரமும் அப்படி இருந்தா சுகர் பாக்கணும். தலைகீழாவும் நடக்கும், ஸ்டிக்கர் பொட்டோட பசையில இருக்கற கெமிக்கலால சிலருக்கு பொட்டு வெக்கிற இடம் மட்டும் வட்டமா வெள்ளையாப் போகும், அப்போ பொட்ட உடனே நிறுத்தணும்.

கே_டிராமா_கார்த்தி:
பசங்களும் இருக்கோம்ங்க இங்க. எனக்கு அந்த கொரியன் ஹீரோ மாதிரி முன்னாடி விழற முடி, எங்கப்பா பாத்துட்டு "எங்க காலத்து மஷ்ரூம் கட்டு, இதுக்கா 400 ரூவா"ன்னாரு. ஞாயிறு ஞாயிறு கிரிக்கெட், தொப்பி போட்டு ஆடுவேன், மத்த நாள் முடி. தொப்பிக் கோடு ஒண்ணு, முடிக் கோடு ஒண்ணு, நெத்தில மூணு மாடி பில்டிங். இன்னொண்ணு, எனக்கு நெத்தி பூரா குட்டி குட்டியா பரு வேற, அதுவும் முடி மூடுற இடத்துல மட்டும்.

கோவை_பார்லர்_அக்கா:
தலைக்கு எண்ணெய் வெக்கறீங்களா தம்பி?

கே_டிராமா_கார்த்தி:
அம்மா வெச்சு விடுவாங்க. தேங்காய் எண்ணெய். சொட்டச் சொட்ட.

கோவை_பார்லர்_அக்கா:
அதேதானுங்க. வேர்வைல எண்ணெய் எறங்கி, முடி மூடி வெச்சு, நெத்தில அடைச்சுக்குது. முன்முடிக்கு எண்ணெய் வேண்டாம்னு அம்மாகிட்ட சொல்லுங்க, பின்னாடி வெக்கட்டும், சனிக்கெழமை வெச்சு அன்னிக்கே அலசிருங்க. தொப்பி உள்பட்டையயும் துவைங்க, அது உப்பு பூத்து கெட்டியா நிக்கும், பாத்திருக்கறேன். கெரவுண்டுக்கு தொப்பி போடறப்ப பட்டை அடியிலயும் சன்ஸ்கிரீன் போட்டுட்டு போடுங்க.

மொட்டை_மாறன்:
கார்த்தி, மூணு மாடிக்கு ஒரே தீர்வு, வா பழனிக்கு.

ஏறுநெத்தி_குரோம்பேட்டை:
ரெண்டு வாரம் கழிச்சு வந்திருக்கேன். அக்னி நட்சத்திரம் ஆரம்பிச்சாச்சு, வெளிய அடுப்பு. காலைல பேங்ஸ் மட்டும் பேசின்ல கழுவறேன், அம்மா "பூனை மூஞ்சி கழுவுற மாதிரி என்னடி"ங்கறாங்க. ரெண்டு விரல் அளவு முதல் நாள் போட்டப்ப முகம் பூரா சுண்ணாம்பு அடிச்ச மாதிரி ஆயிடுச்சு, ஜிங்க் ஆக்சைடு இருந்தா அப்படித்தான் வெள்ளையா நிக்குமாமே, அதனால வெள்ளை படியாத ஜெல்லுக்கு மாறிட்டேன். ஒரேயடியா பிதுக்காம ரெண்டு தடவையா போட்டா நல்லா உள்ள போகுது. ட்ரெயின்ல இடது பக்கம். காத்து வரல, ஆனா காலைல வெயிலும் வரல. சாப்பிடப் போறப்ப கிளிப், அதுக்கு மேல குடை. ஆபீஸ்ல ஒருத்தர் "மழையா பெய்யுது"ன்னு கேட்டாரு, ரமா ஆன்ட்டிய நெனச்சுக்கிட்டு அவரையும் குடைக்குள்ள வரச் சொன்னேன், வந்துட்டாரு, இப்போ டெய்லி வர்றாரு.

கோபுரம் இன்னும் இருக்கு. ஆனா ஓரம் மங்கிருக்கு, மொத எல்லாம் கோடு போட்டு வரைஞ்ச மாதிரி இருந்துச்சு, இப்போ நனைஞ்ச பேப்பர்ல மை ஊறின மாதிரி.

ரமா_ஆன்ட்டி_60ஸ்:
குடைக்குள்ள டெய்லி வர்றாரா. யாரும்மா அது?

ஏறுநெத்தி_குரோம்பேட்டை:
ஆன்ட்டி, டேன் இழை ஆன்ட்டி இது.

மதுரை_வண்டிக்காரி:
ஆன்ட்டி கேட்டதுக்கு பதில் வரல பாத்தீங்களா. சரி அத விடு, கல்யாணத்துக்கு மேக்கப்காரம்மாகிட்ட முன்னாடியே சொல்லிரு. எங்க சின்னம்மா பொண்ணுக்கு வெளுத்த பக்கத்துக்குப் பொருத்தமா பவுண்டேஷன் எடுத்துட்டாங்க, நெத்தி தனியா கழுத்து தனியா நின்னுச்சு. கழுத்துக் கலருக்கு எடுக்கச் சொல்லு, வெளுத்த பக்கத்துல கொஞ்சம் கூட வெச்சா சேந்துரும். அதுக்கு முந்தின வாரம் ப்ளீச்சு கீச்சுன்னு யாரு சொன்னாலும் போகாத.

கோவை_பார்லர்_அக்கா:
பார்லர் வெச்சிருக்கற நானே சொல்றேன், ஆமா, போகாதீங்க. ப்ளீச்சு பூனைமுடியத்தான் வெளுக்கும், எரிச்சல் ஆச்சுன்னா கல்யாணத்தன்னிக்கு நெத்தி தக்காளி.

ஏறுநெத்தி_குரோம்பேட்டை:
கல்யாணம் முடிஞ்சது! நேத்துதான் ஆல்பம் சாம்பிள் வந்துச்சு. கோபுரம் முக்கால்வாசி போயிடுச்சு, மிச்சம் இருந்த கலசத்துக்கு மேல நெத்திச்சுட்டி வந்து உக்காந்துடுச்சு, சரியா வகிட்டுல. மேக்கப்காரம்மாவுக்கு கழுத்துக் கலர்னு மூணு தடவ சொன்னேன். ஒரே ஒரு போட்டோல மட்டும் நலங்கு வெச்சப்ப மஞ்சள் தண்ணி பட்டு பேங்ஸ் ரெண்டா பிரிஞ்சு ஒட்டி, எருமை நக்குன மாதிரி. அக்கா அதத்தான் ஸ்டேட்டஸ்ல வெச்சிருக்கா.

சுருள்முடி_சுகி:
சூப்பர் சிஸ்! அம்மா மெஹந்திய நிறுத்திட்டாங்க, டாக்டர்கிட்டயும் காட்டியாச்சு, அரிப்பு போயிடுச்சு. இப்போ எனக்கு ஒரு சந்தேகம். இதெல்லாம் படிச்சு படிச்சு எனக்கும் பேங்ஸ் ஆசை வந்துடுச்சு. நல்ல சுருட்டை, பாண்டிச்சேரி, கடல் காத்து. வெட்டலாமா பார்லர் அக்கா?

கோவை_பார்லர்_அக்கா:
சுருட்டைய ஈரத்துல வெட்ட விடாத கண்ணு, காஞ்சா ரெண்டு இஞ்சு மேல ஏறி நிக்கும். காஞ்ச முடியில, மூக்கு நுனி நீளத்துக்கு வெட்டச் சொல்லு, அது தானா புருவத்துக்கு வந்துரும். ஆனா இப்ப வேண்டாம், ஐப்பசி வரட்டும்.